மரண அறிவித்தலில் விடுபட்ட தம்பி

அம்மம்மாவின்ர செத்தவீட்டண்டு கோத்தகிரியில இருந்து ஒரு கோல் வந்தது. "அக்கா போயிருச்சா?" எண்டு கேட்டு ஒரு வயசான குரல் அழுதது. ஆர் எண்டு கேட்டன். "ஆரோ தெரிஞ்ச ஆள்" எண்டு சொல்லிப் பெரியம்மா போனை வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போயிட்டா. அடுத்தநாள் பேப்பரில வந்த மரண அறிவித்தலில் பிள்ளைகள், மருமக்கள், கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருந்தினம். சகோதரர் எண்டு ஒருத்தரும் இல்லை.

இறப்புப் பதிவுக்காகப் பழைய ஃபைலைக் கிளறேக்கதான் விஷயம் பிடிபட்டது. 1966இல் பிறந்த பெரியம்மாவின் பிறப்புச் சான்றிதழில் தாயின் இனம் 'இந்தியத் தமிழர்'. 1972இல் பிறந்த என்ர அம்மாவின் சான்றிதழில் தாயின் இனம் 'இலங்கைத் தமிழர்'. ஒரே பேர், ஒரே தாய், இனம் மட்டும் இரண்டு!

அந்த கோத்தகிரி நம்பருக்கு நானே எடுத்தன். தன்ர அப்பா 1969இல் செத்த மாதத்தையும் திதியையும் அவர் பிழையில்லாமல் சொன்னார். கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருந்து அந்த மாதத்து வீரகேசரியைப் புரட்டினன். மூன்றாம் நாள் கிடைச்சது. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை காலமானார், மக்கள் இருவர். மகளின் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கிளிநொச்சி'. அதுதான் அம்மம்மா. 1958 கலவரத்துக்குப் பிறகு மாமியோட வன்னிக்கு வந்தவ. தம்பி 1973இல் தலைமன்னாரில் கப்பல் ஏறினவர்.

அவர் விரும்பிப் போகேல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தவர், இல்லாட்டி பாட்டனும் பூட்டனும் இங்க பிறந்தவை எண்டு காட்டச் சொன்னது. தாய்வழி கணக்கிலேயே இல்லை. லயத்தில் பிறந்தவர்களிடம் அந்தத் துண்டு ஏது? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பாப்பம் எண்டு விட்டது. உங்கட பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கோ. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரின் பேர், பிறந்த வருடம், இடம். அதுக்குக் கீழ பூட்டனாருக்கும் ஒரு கூடு. நாங்கள் கோடு கீறிவிட்டுப் போற அந்தக் கூடுகளுக்குள்ள 1948 இன்னும் இருக்கு.

அம்மம்மா மறைச்சதை நான் பிழை சொல்லமாட்டன். பயத்தில மறைச்சாவோ, 'தோட்டக்காட்டாள்' எண்ட சொல்லைக் கேட்டுக் கேட்டு மறைச்சாவோ, இனிக் கேட்க ஏலாது. என்ர சண்டை 2023இல் மறைச்சவையோட. ஆரும் ஆரையும் நாடு கடத்தாத காலத்தில, பிள்ளைகளின் கலியாணப் பேச்சுக் குழம்பும் எண்டு ஒரு மனிசனைப் பத்திரிகையில இருந்து வெட்டினவையோட.

அதே 2023 ஓகஸ்டில்தான் தலைமன்னாரில் தொடங்கின மலையகம் 200 நடைபயணம் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கட வீட்டு வட்ஸ்அப் குரூப்பிலும் அந்தப் படங்கள் ஓடினது, கைகூப்பின எமோஜியோட. மேடையில 'தமிழர் நாங்கள் எல்லாரும் ஒண்டு'. கலியாணப் பேச்சில, வம்சாவளிப் புத்தகத்தில, மரண அறிவித்தலில மட்டும் அந்த ஒற்றுமையைக் காணேல்லை. வெளிநாட்டில இருந்து காசு அனுப்பி அச்சடிக்கிற வம்சாவளிப் புத்தகங்களில தோட்டத்துக்குப் போற கிளை எத்தனை இருக்கு எண்டு தேடிப் பாருங்கோ.

"செத்த ஆக்களைத் தோண்டி என்ன எடுக்கப் போறாய் பிள்ளை?" எண்டு பெரியம்மா கேட்டா. பெரியம்மா, நான் தேடிப் போனவர் சாகேல்லை. அவருக்கு 75 வயசு, கோத்தகிரியில இருக்கிறார். உயிரோட இருக்கிறவரைப் பேப்பரில புதைச்சது நாங்கள்.

பழைய பேப்பரும் பதிவும் எங்களுக்கு லேசாய்க் கிடைச்சதில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோட ஈழநாடு பத்திரிகைக் காரியாலயத்தையும் எரிச்சவங்கள். அதை வருசாவருசம் நினைவுகூருறம். எரிச்சவனைக் கேள்வி கேட்கிற நாங்கள், வெட்டி எழுதின எங்கட கையையும் பார்க்கத்தானே வேணும்? வீட்டு ஃபைலும் ஒரு சுவடிக்கூடம்தான்.

ஆண்டுத் திவச அறிவித்தலை நான்தான் எழுதிக் குடுத்தன். 'அன்புச் சகோதரியும்' எண்டு தம்பியின்ர பேரைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 'கோத்தகிரி' எண்டும் போட்டன். பெரியம்மா இரண்டு கிழமை என்னோட கதைக்கேல்லை. பேப்பரைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினன். மூண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம்.