இந்தியானாவின் எழுச்சியும் அதன் மறுபக்கமும்

அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டத்தில் நீண்டகாலமாகத் தோல்விக்கே பெயர்பெற்றிருந்த இந்தியானா பல்கலைக்கழக அணி, 2023இல் ஆடிய 12 போட்டிகளில் மூன்றில் மாத்திரமே வென்றது. கேர்ட் சிக்னெட்டி தலைமைப் பயிற்றுவிப்பாளரானதன் பின்னர், 2024இல் 11 வெற்றிகளைப் பெற்றது. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் 16 போட்டிகளிலும் வென்று தேசிய சம்பியனானது.

இதனைத் தனியொருவரின் சாதனையாக மாத்திரம் கொள்வதற்கில்லை. சிக்னெட்டி முன்னர் பயிற்றுவித்த ஜேம்ஸ் மடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 வீரர்கள் அவரைப் பின்தொடர்ந்தனர். பல்கலைக்கழகம் மாறும் வீரர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமென்ற விதி 2021இல் தளர்த்தப்பட்டமையே இதற்கு வழிவகுத்தது.

ஊதியமின்றி ஆடிவந்த மாணவர்களுக்கு இச்சுதந்திரம் கிடைத்தமை நியாயமானதே. ஆயினும், சிறிய பல்கலைக்கழகங்கள் விதைப்பதைப் பெரியவை அறுவடை செய்யும் நிலையும் இதனால் உருவாகியுள்ளது. ஜேம்ஸ் மடிசன் அந்த இழப்பிலிருந்து மீண்டு, 2025இல் தேசிய சம்பியனைத் தீர்மானிக்கும் தொடருக்கும் தகுதிபெற்றது. எல்லாச் சிறிய பல்கலைக்கழகங்களுக்கும் அந்த வல்லமை இருக்கப்போவதில்லை.

இளம் வீரரை வளர்த்தெடுத்த கழகத்துக்கு இழப்பீடு வழங்க பீபா விதிகளில் இடமுண்டு. அத்தகையதோர் ஏற்பாடு அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக்கும் அவசியமென்பதே எமது கருத்தாகும்.