லிண்ட்ரோஸை நிறுத்த ரெண்டு வழி

ஐஸ் ஹாக்கி பத்தி எழுதினா நம்ம வட்டத்துல எத்தனை பேர் படிப்பாங்கன்னு ஓரளவுக்குத் தெரியும் :-) இருந்தாலும் ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம், எழுதிடறேன்.

விளையாட்டு தெரியாதவங்களுக்கு நாலு வரி. பனித்தளத்துல ஒவ்வொரு அணிக்கும் ஸ்கேட்ஸ் போட்ட அஞ்சு பேர், பின்னால ஒரு கோல்கீப்பர். பந்துக்குப் பதிலா பக்னு ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. அஞ்சுல ரெண்டு பேர் டிஃபன்ஸ்மேன், எதிரியைத் தடுக்கிறது அவங்க வேலை. பக் வெச்சிருக்கிறவன் மேல தோளால மோதித் தள்ளறது சட்டப்படி செல்லும். இந்தக் கடைசி வரிதான் இன்னைக்கு நமக்கு விஷயம்.

ஐஸ் ஹாக்கியில பெரிய மோதல்கள்னு யூட்யூப்ல தேடிப் பாருங்க. 2000 மே 26-ஆம் தேதி ஆட்டம் ஒண்ணு எப்படியும் கண்ணுல படும். நியூ ஜெர்சி டெவில்ஸுக்கும் பிலடெல்பியா ஃபிளையர்ஸுக்கும் நடந்த ஏழாவது ஆட்டம். ஃபிளையர்ஸின் எரிக் லிண்ட்ரோஸ் தலையைக் கொஞ்சம் குனிஞ்சபடி பக்கோட நடுத்தளத்தைத் தாண்டி வர்றார். டெவில்ஸின் ஸ்காட் ஸ்டீவன்ஸ் எதிரே வந்து ஒரே மோது. லிண்ட்ரோஸ் அப்படியே பனியில சாயறார். மூளை அதிர்ச்சியிலிருந்து மீண்டு வந்து அவர் ஆடின ரெண்டாவது ஆட்டம் அது. அந்தக் காலத்து விதிப்படி ஸ்டீவன்ஸ் செஞ்சதுல தப்பே கிடையாது, பெனால்டியும் இல்லை. டெவில்ஸ் அந்த ஆட்டத்தை ஜெயிச்சு, அப்புறம் கோப்பையையும் ஜெயிச்சாங்க. அந்த வருஷ பிளேஆஃப்பின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் கோப்பையும் ஸ்டீவன்ஸுக்குத்தான்.

லிண்ட்ரோஸ் சாதாரண ஆள் இல்லை. 6 அடி 4 அங்குல உயரம், நூறு கிலோவுக்கு மேல எடை, அந்த உடம்போட சின்னப் பையன் மாதிரி ஸ்கேட்டிங். 1995-ல லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்னு ஹார்ட் கோப்பை வாங்கினவர். அந்த மோதலுக்கு அப்புறம் காயமும், கிளப்போட இருந்த சண்டையும் சேர்ந்து அடுத்த சீசன் முழுக்க ஆடலை. பிறகு வேற அணிகளுக்கு ஆடினாலும் பழைய லிண்ட்ரோஸ் திரும்பி வரவே இல்லை. 2007-ல ஓய்வு அறிவிச்சப்போ வயசு 34.

இதே லிண்ட்ரோஸை அதுக்கு மூணு வருஷம் முன்னாடி இன்னொருத்தர் நிறுத்தினார். அதைக் காட்டற வீடியோ துண்டு ஒண்ணு கூட பிரபலம் இல்லை, காட்டறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லைங்கறதால. அவர் பேர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம். ஸ்வீடன்காரர். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு 5-ஆம் நம்பர் சட்டையில 1991-லேர்ந்து 2012 வரைக்கும் 20 சீசன் ஆடினவர், வேற எந்த என்.ஹெச்.எல். அணிக்கும் போகாதவர்.

1997 ஸ்டான்லி கோப்பை இறுதி. டெட்ராய்ட்டுக்கு எதிரா ஃபிளையர்ஸ். லிண்ட்ரோஸ், ஜான் லெக்லேர், மிக்கேல் ரென்பெர்க் மூணு பேர் கூட்டணிக்கு ‘லீஜன் ஆஃப் டூம்’னு பேர். மூணு பேருமே மலை மாதிரி. டெட்ராய்ட்ல விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ்னு ஒரு ரஷ்யக்காரர் இருந்தார், மோதறதுக்குன்னே பிறந்தவர். லிண்ட்ரோஸுக்கு எதிரா அவரைத்தான் இறக்குவாங்கன்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க. பயிற்சியாளர் ஸ்காட்டி பௌமன் என்ன பண்ணார்னா, லிட்ஸ்ட்ரோமையும் லாரி மர்ஃபியையும் ஜோடியா இறக்கினார். மர்ஃபிக்கு அப்போ 36 வயசு. சில மாசம் முன்னாடி வரைக்கும் டொராண்டோ ரசிகர்களே அவரைப் பார்த்து ஊளையிட்டுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேருமே மோதற ரகம் இல்லை.

டெட்ராய்ட் 4-0. நாலு ஆட்டத்துலயும் சேர்த்து ஃபிளையர்ஸ் அடிச்சது 6 கோல். லிண்ட்ரோஸ் அடிச்சது ஒண்ணே ஒண்ணு, அதுவும் கடைசி ஆட்டம் முடிய கால் நிமிஷம் இருக்கும்போது. அந்தக் கடைசி ஆட்டத்துல டெட்ராய்ட்டின் முதல் கோல் யாருதுங்கறீங்க? லிட்ஸ்ட்ரோமுடையது.

எப்படி நிறுத்தினார்? இங்கதான் எனக்கு இந்த மனுஷன் மேல பைத்தியம். எதிரி பக்கோட வர்றப்போ லிட்ஸ்ட்ரோம் பின்பக்கமா ஸ்கேட் பண்ணிக்கிட்டே போவார். நடுவுல ஒரு ஸ்டிக் நீளத்துக்குக் கொஞ்சம் மேல இடைவெளி, அது கூடவும் கூடாது குறையவும் குறையாது. தன் உடம்பை எதிரிக்கும் கோலுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டு, ஓரத்துப் பக்கம் மட்டும் வழி விடுவார். வழி இருக்கேன்னு எதிரியும் அந்தப் பக்கம் போவான். போகப் போகப் பலகைச் சுவர் நெருங்கும், கோலைப் பார்க்கிற கோணம் குறுகிக்கிட்டே வரும். சுவரையே ரெண்டாவது டிஃபன்ஸ்மேனா வேலை வாங்கற கலை. ஸ்டிக் எப்பவும் பனியைத் தொட்டபடி, பாஸ் போகக்கூடிய பாதையில கிடக்கும். இனி சுடறதைத் தவிர வேற வழியில்லைன்னு எதிரி முடிவு பண்ற நொடியில ஸ்டிக் நுனியால ஒரு தட்டு. பக் கைமாறிடும். அடுத்த நொடியே அது முன்னால ஓடற டெட்ராய்ட் ஆளோட ஸ்டிக்ல இருக்கும். லிண்ட்ரோஸ் கடுப்புல மோத வந்தாலும், மோத அங்கே பக்கும் இல்லை, ஆளும் இல்லை. இவ்வளவும் முடிய மூணு நாலு வினாடி. டிவியில பார்க்கிறவனுக்கு ‘ஏதோ தாக்குதல் வீணாப் போச்சு’ன்னு தோணும், அவ்வளவுதான்.

ஸ்வீடன் பனித்தளங்களுக்கும் இதுல பங்கு உண்டுன்னு நினைக்கிறேன். வட அமெரிக்காவுல தளத்தோட அகலம் 85 அடி. ஐரோப்பாவுல வழக்கமா இருந்தது 30 மீட்டர், அதாவது 98 அடிக்கு மேல. அவ்வளவு அகலத்துல ஓரத்துக்கு ஓடிப் போய் மோதினா நடு வாசல் திறந்து கிடக்கும். இடத்தை விடாம நிற்கிறதைத்தான் சின்ன வயசுலயே கத்துக்கணும். லிட்ஸ்ட்ரோம் அங்கே வெஸ்டெராஸ் அணியில ஆடி வளர்ந்தவர். 1989 டிராஃப்ட்ல டெட்ராய்ட் அவரை எடுத்தது 53-ஆவது ஆளா. அவருக்கு முன்னாடி 52 பையன்களைத் தேர்ந்தெடுத்த அறிவாளிகளை நினைச்சா சிரிப்பு வருது.

இன்னொரு கணக்கு. லீக் ஆட்டங்கள்ல மட்டும் லிட்ஸ்ட்ரோம் ஆடினது 1564. பெனால்டியில உட்கார்ந்தது மொத்தம் 514 நிமிஷம். வகுத்துப் பாருங்க, ஆட்டத்துக்கு 20 வினாடி கூட வரலை. 2005-06 சீசன்ல இவர் ஆட்டத்துக்குச் சராசரியா 28 நிமிஷம் தளத்துல இருந்திருக்கார், மொத்த ஆட்டமே 60 நிமிஷம்தான். எதிரணியோட பெரிய தலைகளுக்கு எதிராத்தான் அந்த நேரமெல்லாம். ஸ்டீவன்ஸ் 1635 ஆட்டத்துல 2785 நிமிஷம் பெனால்டி வாங்கினவர். ஒவ்வொரு சின்னப் பெனால்டிக்கும் உங்க அணி ரெண்டு நிமிஷம் ஓர் ஆள் குறைவா ஆடணும். பெனால்டி வாங்காததே ஒரு தடுப்பாட்டம், அதுக்குத்தான் எந்தப் புள்ளிவிவரத்துலயும் தனிக் கட்டம் கிடையாது.

ஸ்வீடன்காரன் மோதலைன்னா அதுக்கு ஒரு பழைய பேர் உண்டு. ‘கோழை ஸ்வீடன்’. 1973-ல கிருனாவுலேர்ந்து பொர்யே சால்மிங் டொராண்டோவுக்கு ஆட வந்தப்போ கேட்ட வசவு இது. ஐரோப்பியன் அடி தாங்க மாட்டான், ரெண்டு குத்து விட்டா ஊருக்கு ஓடிடுவான்னு ஒரு நம்பிக்கை. அன்னைக்கு அடிதடிக்குப் பேர் போன ஃபிளையர்ஸ் அந்த ஆளை வெச்சு வாங்கினாங்க. சால்மிங் ஓடலை. பாயற பக்குக்கு நேரா விழுந்து தடுத்தார், அடி வாங்கினார், எழுந்தார், 16 சீசன் டொராண்டோவிலேயே நின்னார். 1986-ல ஒரு ஸ்கேட் முகத்தைக் கிழிச்சு 200 தையலுக்கு மேல போட்டாங்க, அந்தப் படத்தைச் சாப்பிடற நேரத்துல பார்த்துடாதீங்க. தன் கடைசி என்.ஹெச்.எல். சீசனை அவர் ஆடினது 1989-90-ல, டெட்ராய்ட்டுக்கு. அடுத்த வருஷம் விட்டு அதுக்கடுத்த சீசன்ல அதே அணிக்கு லிட்ஸ்ட்ரோம் வந்து சேர்ந்தார். 2022-ல ஏ.எல்.எஸ். நோயில சால்மிங் காலமானார்.

சால்மிங் கோழை இல்லைன்னு ரத்தம் சிந்தி நிரூபிக்க வேண்டியிருந்தது. லிட்ஸ்ட்ரோம் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. எழுத மாட்டேன்னு சண்டை கூடப் போடலை. தன் பாட்டுக்குப் பக்கைத் தட்டிக்கிட்டு இருந்தார். 2002-ல கான் ஸ்மைத் வாங்கின முதல் ஐரோப்பியர் ஆனார். 2006 டூரின் ஒலிம்பிக் இறுதியில ஃபின்லாந்துக்கு எதிரா மூணாவது பகுதி தொடங்கின 10-ஆவது வினாடியில தங்கத்தைத் தீர்மானிச்ச கோலை அடிச்சார். 2008-ல, ஐரோப்பாவுல ஆடி வளர்ந்த ஒருத்தர் கேப்டனா இருந்து ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினது அதுவே முதல் தடவை.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும். ஸ்டீவன்ஸ் தளத்துல இருந்தா எதிரிகள் நடுத்தளத்துக்குள்ள வரவே யோசிச்சாங்க, அந்த பயமே ஒரு தடுப்புச் சுவர்ங்கறது கனடாப் பக்கத்து ரசிகர்கள் வாதம். நியாயம்தான், ஒத்துக்கறேன். பயம் வேலை செய்யும். ஆனா அந்த வேலைக்கான கூலியை இன்னொருத்தன் மண்டையிலேர்ந்து எடுக்கிறாங்க. தலையைக் குறி வெச்சுப் பக்கவாட்டுலேர்ந்து மோதறதுக்கு லீக் தனி விதி போட்டது 2010-ல. அதுவரைக்கும் எத்தனை பேர்! ஸ்டீவன்ஸ் கெட்டவர்னு நான் சொல்ல வரலை, ஆட்டம் கேட்டதை அவர் கொடுத்தார். ஆனா ஆட்டம் அதைக் கேட்க அவசியமே இல்லைங்கறதுக்கு 1997-ன் அந்த நாலு ஆட்டம் சாட்சி. இன்னொண்ணும் இருக்கு. அந்த வெற்றிக்கு ஆறு நாள் கழிச்சு நடந்த கார் விபத்துல கான்ஸ்டான்டினோவின் ஆட்ட வாழ்க்கையே முடிஞ்சு போச்சு. தங்களோட முரட்டு டிஃபன்ஸ்மேன் இல்லாமலேதான் டெட்ராய்ட் 1998-லயும் கோப்பை ஜெயிச்சது.

டெட்ராய்ட் பணக்கார, பலமான அணி, யார் நின்னாலும் நல்லாத் தெரிவாங்கன்னும் சொல்வாங்க. பாதி உண்மை. அவர் தளத்துல இருந்த நேரத்துல, ஆள் கணக்கு சமமா இருக்கும்போது, அடிச்ச கோலுக்கும் வாங்கின கோலுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தம் கூட்டல் 450. அதுல ஃபெடரோவுக்கும் யெஸர்மனுக்கும் டட்சூக்குக்கும் பங்கு இருக்கு. ஆனா அவங்க முதுகுப் பக்கம் கவலைப்படாம முன்னால ஓடினாங்களே, அது யாரால?

எனக்குக் கோபம் வர்ற இடம் வேற. சிறந்த டிஃபன்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையை லிட்ஸ்ட்ரோம் ஏழு தடவை வாங்கியிருக்கார். பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போட்டுக் கொடுக்கிறது. சந்தோஷம். ஆனா எதுக்காகக் கொடுத்தாங்க? 1998, 1999, 2000 மூணு வருஷமும் தொடர்ந்து ரெண்டாவது இடத்துலயே விட்டு, முதல் நாரிஸ் கையில வந்தப்போ வயசு 31. கடைசி நாரிஸ் 2011-ல, 41 வயசுல. அவர் கணக்கு மைனஸ்ல போன ஒரே சீசன் அதுதான்! ஆனா அந்த வருஷம் 62 பாயிண்ட் எடுத்திருந்தார். பாயிண்ட்னா கோலும், கோலுக்கு உதவினதும். தடுக்கிறவனுக்கான பரிசையே அடிக்கிற கணக்கைப் பார்த்துத்தான் கொடுக்கிறாங்க. லிட்ஸ்ட்ரோம் பவர் ப்ளேயிலும் கெட்டிக்காரர், வாழ்க்கையில 1142 பாயிண்ட் எடுத்தவர், அதனால தப்பிச்சார். இதே மூளையோட, இதே ஸ்டிக்கோட, வருஷத்துக்கு 20 பாயிண்ட் மட்டும் எடுக்கிற ஒருத்தர் இருந்திருந்தா அவர் பேர் உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சிருக்காது. 1983-லயும் 1984-லயும் ராட் லாங்வேக்குக் கொடுத்தாங்க, முதல் தடவை அவர் எடுத்திருந்தது 32 பாயிண்ட்தான். (அவர் தைவான்ல பிறந்தவர்ங்கறது உபரித் தகவல்.) இன்னைக்கு அதை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. 2023-ல இன்னொரு ஸ்வீடன்காரர் எரிக் கார்ல்சன் 101 பாயிண்ட் எடுத்து வாங்கினார். அபாரமான ஆட்டம், மறுக்கலை. ஆனா சொந்தப் பக்கத்து கோல் முன்னால அவர் என்ன பண்ணார்னு ஓட்டுப் போட்டவங்கள்ல எத்தனை பேர் பார்த்தாங்களோ!

ஸ்டீவன்ஸுக்கு ஒரு நாரிஸ் கூடக் கிடைக்கலை, தெரியுமா? அந்த விஷயத்துல அவருக்கும் நான் பரிதாபப்படறேன்.

சக வீரர்கள் லிட்ஸ்ட்ரோமுக்கு வெச்ச பேர் ‘பெர்ஃபெக்ட் ஹ்யூமன்’. அந்தப் பேர் எனக்கு அவ்வளவாப் பிடிக்கலை. ஏதோ வரம் வாங்கிப் பிறந்த மாதிரி, உழைப்பே இல்லாத மாதிரி ஆக்கிடுது. 2009 இறுதியின் ஏழாவது ஆட்டத்துல, பிட்ஸ்பர்க்குக்கு எதிரா 2-1-னு பின்தங்கி ஆட்டம் முடியப் போற கடைசி நொடியில, இந்தத் தடுப்பாட்டக்காரர் எதிரி கோல் வாசல்ல நிக்கிறார். பக் காலடிக்கு வருது, சுடறார், கோல்கீப்பர் ஃப்ளூரி குறுக்கே பாய்ஞ்சு உடம்புல வாங்கிடறார். முடிஞ்சது. அப்போ அவருக்கு 39 வயசு.

பி.கு.: 1997 இறுதி ஆட்டங்கள் இணையத்துல தேடினாக் கிடைக்கும். பார்க்கிறவங்க ஒரு பத்து நிமிஷம் பக்கை விட்டுடுங்க. சிவப்புச் சட்டையா வெள்ளைச் சட்டையான்னு முதல்ல பார்த்துக்கிட்டு, 5-ஆம் நம்பரை மட்டும் பாருங்க. 88-ஆம் நம்பர் லிண்ட்ரோஸ் தளத்துல இறங்கற ஒவ்வொரு தடவையும் 5 எங்கே போய் நிக்குதுன்னு கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க.