திட்டம் இருக்கிறது, சிட்டா இருக்கிறதா?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்க நெருங்க, நாகை, திருவாரூர் மாவட்டக் கிராமங்களில் வேளாண்மைத் துறையின் அறிவிப்புகளும் வேகம் பிடிக்கும். விதைக்கு மானியம், இயந்திரத்துக்கு மானியம், பயிற்சிக்கு அழைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம் தெரு இளைஞர்கள் நடத்தும் வேளாண் மன்றங்களுக்கும் அந்தச் செய்திகள் கைப்பேசி வழியே வந்து சேர்கின்றன. படிக்கிறோம், நாலு பேருக்கு அனுப்புகிறோம், அத்தோடு விட்டுவிடுகிறோம். விண்ணப்பத்தைத் திறந்தால் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல், சிறு, குறு விவசாயி சான்று. அந்த இடத்திலேயே நம்மில் பலர் நின்றுவிடுகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். திருவாரூர் மாவட்டத்தில் மட்டும் 34 சதவீதம். மாநிலத்தின் மாவட்டங்களிலேயே இதுதான் அதிகம். மூன்று பேரில் ஒருவர் நம்மவர். நாற்று பறித்ததும் நடவு நட்டதும் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் பெரும்பாலும் நம் வீட்டுக் கைகள். ஆனால் அரசுக் கணக்கில் ‘விவசாயி’ என்றால் பட்டாவில் பேர் உள்ளவர். உழைக்கிறவருக்கு ‘விவசாயத் தொழிலாளி’ என்று வேறு பெயர். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமர் கிசான் உதவித்தொகை நிலம் சொந்தப் பெயரில் இருப்பவருக்குத்தான். குத்தகைக்கு உழுபவருக்குக் கிடையாது. இப்போது வழங்கப்படும் விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணும் நில ஆவணத்தோடு இணைக்கப்பட்டதே. இனி பல திட்டங்களுக்கு அந்த எண்தான் வாசல் என்றால், பட்டா இல்லாதவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே இளைஞர் மன்றம் செய்ய வேண்டிய முதல் வேலை திட்டங்களின் பட்டியலைப் படிப்பதல்ல. உறுப்பினர்களின் காகிதங்களைச் சரிசெய்வது. இதுவே நம் கருத்து.

கூலியிலிருந்து கல்லூரி வரை

இந்த மண்ணில் நிலக்கேள்வி எவ்வளவு விலை கேட்டது என்பதை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்ததே அவர்கள் செய்த குற்றம். அதன்பின் இப்பகுதிக்கு வந்த கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி, 1981-இல் ‘லாப்டி’ அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரிலேயே பிரித்துக் கொடுத்தார்கள். இன்று அதே கீழ்வேளூர் வட்டாரத்தில் அரசு வேளாண்மைக் கல்லூரி இயங்குகிறது. கூலி கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வகுப்பறையில் உட்கார முடியும். நிலம், காகிதம், படிப்பு மூன்றும் தனித்தனிக் கதைகள் அல்ல.

யார் எங்கே நிற்கிறோம்?

மன்ற உறுப்பினர்களின் குடும்பங்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் வேலை எளிதாகும்.

முதலாவது, நிலம் உண்டு, காகிதம் சரியில்லை என்பவர்கள். அரசு ஒப்படை செய்த நிலமோ, லாப்டி வழியாக வந்த நிலமோ, பட்டா இன்னும் பாட்டி பெயரிலோ தாத்தா பெயரிலோ கிடக்கும். அவர் காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும். நான்கு பிள்ளைகளின் குடும்பங்கள் பிரிக்காமல் உழுதுகொண்டிருப்பார்கள். இவர்களுக்கு வேண்டியது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிறகு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல் மனு. உட்பிரிவு செய்வதில் சகோதரர்களுக்குள் சம்மதம் வர வேண்டும். அதற்கு மன்றத்துப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்தால் பாதி வேலை முடியும். சிட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். பதிவேட்டில் நம் நிலத்துக்கு வேறு யார் பெயராவது இருந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் பழைய ஒப்படை ஆவணத்தின் நகலைக் கேட்கலாம். 1892-இல் தொடங்கிய பஞ்சமி நில ஒப்படையில், பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, குத்தகை சாகுபடியாளர்கள். நம் மாவட்டங்களில் கோயில், மட நிலங்கள் மிகுதி. பல குடும்பங்கள் தலைமுறையாக உழுதும், வாய்ப்பேச்சு ஒன்றே ஆதாரம். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இவர்களுக்காகவே வந்தது. குத்தகைதாரராகப் பெயரைப் பதியச் சொல்லி வருவாய்த் துறையின் பதிவு அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். குத்தகை கட்டிய ரசீது ஒவ்வொன்றும் அப்போது சாட்சி. ரசீது தராமல் நெல்லையோ பணத்தையோ வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு இனி இணங்கக் கூடாது. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். அது கிடைக்காதவர் வியாபாரியிடம் குறைந்த விலைக்குத் தள்ளுகிறார். காகிதம் இல்லாததன் விலை மூட்டைக்கு மூட்டை தெரியும்.

இவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கிசான் கடன் அட்டை நிலச் சொந்தக்காரருக்கு மட்டும் உரியதல்ல. வாய்மொழிக் குத்தகைதாரரும் வாரத்துக்கு உழுபவரும் ரிசர்வ் வங்கி விதிப்படி தகுதியுள்ளவர்களே. நான்கு முதல் பத்து பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் கேட்கலாம். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையான விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. மன்றத்தில் ஐந்து குத்தகைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் அங்கேயே ஒரு குழு தயார்.

மூன்றாவது, ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள். இவர்களே அதிகம். நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் தொழிலாளர்கள் நிலம் வாங்கத் தாட்கோ நடத்துவது ‘நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்’. நிலத்தின் மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர், புஞ்சை என்றால் ஐந்து ஏக்கர் வரை வாங்கலாம். வயது 18 முதல் 55 வரை. விற்பவர் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவராக இருக்க வேண்டும். நன்னிலம் நம் மாவட்டத்து ஊர்ப்பெயரும்கூட. அந்தப் பெயருள்ள திட்டம் நம் தெருவுக்கு வராமல் போகக் கூடாது. மன்றத்துத் தம்பிகள் தங்கள் அம்மா, அக்காள், மனைவி பெயரில் இதை விண்ணப்பிக்க முன்வர வேண்டும்.

நிலமே இல்லாமல் தொழில் தொடங்கவும் வழி இருக்கிறது. தாட்கோவின் முதலமைச்சர் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகப் பொருளாதாரத் தொழில் முன்னேற்றத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் மானியம். திருப்பிச் செலுத்தும் கடனுக்கு 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. காளான், ஆடு, நாட்டுக்கோழி, நாற்றங்கால், நடவு இயந்திர வாடகை எதையும் யோசிக்கலாம். தொழில் தொடங்கும் முன் நீடாமங்கலத்திலும் சிக்கலிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிற்சி கேளுங்கள். ‘ஆத்மா’ திட்டத்தில் ஊரக இளைஞர்களுக்கு ஒரு வாரத் திறன் பயிற்சியும் நடத்தப்படுகிறது.

இயந்திரம் யாருடையது?

அறுவடை இயந்திரம் வந்தபின் நம் வீட்டுப் பெண்களின் அறுப்பு நாட்கள் கரைந்துவிட்டன. இயந்திரத்தைத் தடுக்க முடியாது. அதன் சொந்தக்காரர் ஆக முயலலாம். வேளாண்மைப் பொறியியல் துறையில் பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகளுக்கு வழக்கமான மானியத்துக்கு மேல் கூடுதலாக 20 சதவீதம் தரும் ஏற்பாடு உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை. நம் பிள்ளையின் சாதிச் சான்றைக் காட்டி மானியத்தில் வண்டியை எடுத்து, வேறொருவர் ஓட்டிக்கொள்ளும் தந்திரம் ஊருக்கு ஊர் உண்டு. கையெழுத்துக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ கிடைக்கும். கடன் நம் பெயரில் நிற்கும். அடுத்த திட்டத்துக்குப் போனால் ‘ஏற்கெனவே பயன் பெற்றவர்’ என்று திருப்பி அனுப்புவார்கள். அப்படி யார் வந்து கேட்டாலும் மன்றத்தில் சொல்லிவிட்டே பதில் தர வேண்டும் என்று நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது தடை வங்கி. தாட்கோ பரிந்துரைக்கும்; பணம் தருவது வங்கி. ‘அடுத்த மாதம் வா’ என்ற வாய்ப்பதிலோடு திரும்பாதீர்கள். விண்ணப்பம் பெற்றதற்கு ஒப்புகை கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகலாம். ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்திலும் எழுந்து பேசலாம். தனியாகப் போகிறவரை உட்காரச் சொல்லாத அலுவலகமும், மன்றமாகப் பத்துப் பேர் போனால் நாற்காலி போடும்.

மாணவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கவனியுங்கள். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் பொருந்தும். மதிப்பெண் குறைந்தவர்கள் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பையும் பார்க்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் தேர்வு முடிந்த கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் இ-சேவை மையத்தில் வரிசை நீளும்.

படித்து முடித்தவர்களுக்கு மத்திய அரசின் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் 2002 முதல் இருக்கிறது. இலவசப் பயிற்சிக்குப் பின் வங்கிக் கடனில் பொதுப் பிரிவினருக்கு 36 சதவீதம் மானியம் என்றால், பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்களுக்கு 44 சதவீதம். உரமும் மருந்தும் விற்கும் கடை, மண் பரிசோதனை, பயிர் ஆலோசனை எதுவும் அதில் அடங்கும். நம் தெருப் பட்டதாரி ஒருவர் கடை வைத்தால், பூச்சி மருந்துக்கு வெளியே கடன் சொல்லி நிற்கும் நிலை கொஞ்சமாவது மாறும்.

அடுத்த கூட்டத்துக்கு

அடுத்த முறை மன்றம் கூடும்போது ஒவ்வொருவரும் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதங்களை எடுத்து வரட்டும். ஒரு நோட்டில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிலம் எந்தச் சர்வே எண், பட்டா யார் பெயர், குத்தகை என்றால் கடைசி ரசீது எந்த ஆண்டு, சாதிச் சான்று இருக்கிறதா, வீட்டில் படிக்கும் பிள்ளை எந்த வகுப்பு என்று எழுதுங்கள். பக்கத்தில் என்ன குறைகிறது, யார் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் போவது என்று குறித்துக்கொள்ளுங்கள். மானியத் தொகைகளும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். விண்ணப்பிக்கும் முன் தாட்கோ மாவட்ட மேலாளர் அலுவலகத்திலும் உதவி வேளாண்மை இயக்குநர் அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் அந்த நோட்டு நிரம்பட்டும். தண்ணீர் வந்தால் வயலில் வேலை நெருக்கும். அப்புறம் அலுவலகம் போக யாருக்கும் நேரம் இருக்காது.