முன்னால் புதுசு, பின்னால் மொட்டை

ஓடைப்பட்டியிலிருந்து விதையில்லாத் திராட்சை ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகும் பிக்கப் வண்டிகளின் டயர்களைக் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் முன் சக்கரம் இரண்டிலும் பட்டன் ஆழமாக, கறுகறுவென்று இருக்கும். பின்னால் இருப்பது தேய்ந்து வழவழத்துப்போனதாகவோ ரீட்ரேட் போட்டதாகவோ இருக்கும். இது தற்செயல் இல்லை. இரண்டு டயருக்குத்தான் காசு இருக்கிறதென்றால் புதுசை முன்னால் மாட்டு, பழசைப் பின்னால் தள்ளு என்பது நம் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். ஸ்டியரிங் முன்னால் இருக்கிறது; பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் விழுகிறது; முன் டயர் வெடித்தால் ஆள் காலி; பின் சக்கரம் சும்மா உருண்டு வருகிறது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குமுளிக்கும் போடிமெட்டுக்கும் மேகமலைக்கும் ஏறி இறங்குகிற வண்டிக்கு, அதிலும் பின் சக்கரத்தால் ஓடுகிற வண்டிக்கு, இதைப்போல ஆபத்தான யோசனை வேறில்லை.

முதலில் அந்த 'சும்மா உருண்டு வருகிற' கதையைப் பார்ப்போம். பொலிரோ பிக்கப், டாடா ஏஸ், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஆகிய எல்லாவற்றிலும் தார்ச்சாலையில் இன்ஜின் சக்தி போவது பின் சக்கரத்துக்குத்தான். ஏறும்போது தள்ளுவது அது. இறங்கும்போது பிடிப்பதும் அதுதான், இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. பிரேக் சூடாகக் கூடாதென்று செகண்ட் கியரில் போட்டு இறக்குகிறோமே, அந்த இன்ஜின் பிடி நான்கு சக்கரத்துக்கும் பிரிந்து போவதில்லை. முழுக்கப் பின் டயர் இரண்டின் மேல்தான் விழுகிறது. இறக்கத்தில் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால் பின்பக்கம் ஏற்கெனவே லேசாகியிருக்கும். வளைவு வேறு வண்டியை வெளிப்பக்கம் தள்ளும். ஆக, எடை குறைந்து, வேலை கூடி நிற்கிற சக்கரத்தில்தான் பட்டன் இல்லாத டயரை மாட்டி அனுப்புகிறோம். காய்ந்த ரோட்டில் இது தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில், அதுவும் தூசியும் எண்ணெயும் ஊறிய சாலையில் விழுகிற முதல் தூறலில் தெரியும். கொண்டை ஊசி வளைவில் கிளட்சைப் படக்கென்று விட்டாலே போதும், வண்டி வாலடித்துவிடும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருக்கவும் முடியாது. அது பிரேக்கின் இறுக்கத்தைத்தான் தளர்த்தும், இன்ஜின் இழுத்துப் பிடிப்பதால் வரும் வழுக்கலை அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே பள்ளத்துக்குத்தானே போகும், அதுதானே பெரிய ஆபத்து என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முன் டயர் பிடி விடும்போது ஸ்டியரிங் லேசாகிக் கையிலேயே சொல்லிவிடும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். எடுத்தால் எடை முன்னால் வந்து பிடி பெரும்பாலும் திரும்பும். அதாவது பயத்தில் நாம் செய்கிற காரியமே அங்கே ஓரளவு காப்பாற்றுகிறது. பின் சக்கரம் வழுக்கும்போது அதே பயம் ஆளைக் கவிழ்க்கும். காலை எடுத்தாலும் பிரேக்கை மிதித்தாலும் பின்பக்கம் இன்னும் லேசாகி வண்டி இன்னும் சுற்றும். வால் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை உடனே ஒடித்து, உடனே திருப்பியும் எடுக்க வேண்டும். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய நமக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மிஷெலின் போன்ற டயர் நிறுவனங்கள் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதுசு பின்னால்தான், எந்தச் சக்கரம் இழுத்தாலும் சரி, என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வெடிக்கிற டயரைப் பற்றிய பயம் லாரியிலிருந்து வந்திருக்க வேண்டும். லாரிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக ஜோடி டயர்கள். ஒன்று போனாலும் மற்றது தாங்கும். முன்னால் பக்கத்துக்கு ஒன்றுதான். அமெரிக்காவில் பேருந்தின் முன் சக்கரத்தில் ரீட்ரேட் டயர் கூடாதென்று விதியே உண்டு. அங்கே அது நியாயம். ஒற்றை டயரில் நிற்கிற பிக்கப்புக்கும் ஜீப்புக்கும் அந்த நியாயத்தை அப்படியே இறக்கியதில்தான் கோளாறு. அதோடு, டயர் வெடிப்பது பெரும்பாலும் காற்றுக் குறைவாலும் அதிகப் பாரத்தாலும் சூட்டாலும்தான். வெடிக்கும் என்று பயப்படுகிற அளவுக்குப் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட டயர் முன்னால் மட்டுமல்ல, எங்கேயும் இருக்கக் கூடாது. அதைப் பின்னால் தள்ளுவது எப்படிப் பாதுகாப்பாகும்?

லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்கிப் பிடிக்குமே என்பது இன்னொரு சமாதானம். நம் வண்டிகளின் போக்கை நினைத்துப் பாருங்கள். பழத்தோடு மலை ஏறுகிறது, காலிப் பெட்டிகளோடு மலை இறங்குகிறது. பாரம் வேண்டிய நேரத்தில் பாரம் இருப்பதில்லை. ஆள் நிறைந்து இறங்கும் ஜீப்பில் பாரம் உண்டுதான். ஆனால் பின்னால் குவிந்த அந்தப் பாரமே வளைவில் வாலை வெளியே வீசும். சபரிமலை சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டுக் குமுளி வழியாக இறக்குவார்கள். அப்போது மழைக்காலமும் சேர்ந்துகொள்ளும். இறங்குகிற அத்தனை பேரும் ஒரே ஈரச் சாலையில், ஒருவர் பின்னால் ஒருவராக.

பனி கொட்டுகிற நாட்டில் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் வேறு விதமாகப் படித்திருக்கிறார்கள். பின் சக்கர இழுவைக் காருக்குக் குளிர்கால டயரைப் பின்னால் மட்டும் மாட்டினால் கிளம்பும். ஆனால் முன்னால் திரும்பாது, நிற்காது. முன் சக்கர இழுவைக்கு முன்னால் மட்டும் மாட்டினால் திரும்பும். ஆனால் வால் சுற்றும். அதனால் நான்கும் ஒரே தரத்தில் இருக்கவேண்டும் என்கிறார்கள். நம் தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கிற மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்காலத்தில் குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். நமக்கும் நான்கையும் ஒன்றாக மாற்றுவதுதான் சரி. முடியாதபோதுதான் முன்னா பின்னா என்ற கேள்வியே வருகிறது.

முப்பது வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்கிற டிரைவர் அண்ணன்களுக்கு மரியாதையோடு ஒன்று. உங்கள் கை உங்களைக் காப்பாற்றியிருக்கிறது, டயர் காப்பாற்றவில்லை. நீங்கள் லீவு போட்ட அன்று அந்த வண்டியை எடுக்கிற பையனுக்கு அந்தக் கை இல்லை. செலவைச் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. வாங்குவது அதே இரண்டு டயர், கொடுப்பது அதே காசு. மாட்டும் இடம்தான் வேறு. பின்சக்கர வண்டியில் பின் டயர்தான் பொதுவாகச் சீக்கிரம் தேயும் என்பதால், முன் டயரைக் கழற்றாமல் புதுசை அங்கேயே மாட்டினால் கழற்றி மாட்டுகிற வேலையும் பாதிதான். சட்டப்படி கார், ஜீப், லாரிக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே தெரிகிற சின்ன ரப்பர் மேடு அந்த அளவைத்தான் காட்டுகிறது. மழையில் மலை இறங்குகிறவருக்கு அந்த மேடு மட்டமாகும்வரை காத்திருப்பதே தாமதம். அடுத்த முறை ஜாக்கி போட்டுத் தூக்கும்போது, கடைப் பையன் பழக்க தோஷத்தில் புது டயரை முன்பக்கம் உருட்டிக்கொண்டு போனால் நிறுத்திப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். அவன் சிரித்தாலும் பரவாயில்லை.