மூன்றாவது குழி

காஞ்சியிலிருந்து மேற்கே வேலூர்ச் சாலையிற் செல்வோர், பாலுசெட்டிச்சத்திரத்தை ஒட்டித் திருப்புட்குழி என்னும் ஊரைக் காண்பர். புள் என்றால் பறவை. இராவணனோடு போரிட்டு மாண்ட சடாயு என்ற பறவைக்கு இராமன் இறுதிக் கடன் செய்த இடம் இது என்று தலபுராணம் பேசுகிறது.

புராணத்தை வரலாறு என்று நம்புகிறவர்கள் அல்லர் நாம். ஆயினும் கதை என்ற அளவிலேயே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்போம். அந்தப் பறவை ஏன் சாக நேர்ந்தது?

முதலில் ஒரு மான் வந்தது, பொன்மான்! அது பொன்னுமல்ல, மானுமல்ல. அடுத்து ஒரு குரல் வந்தது. இராமன் குரலைப் போலவே! அது இராமன் குரல் அல்ல. பிறகு ஒரு துறவி வந்தான். அவன் துறவியே அல்ல. பொய்ப் படம், பொய்க் குரல், பொய் வேடம் - மூன்றும் வரிசை பிசகாமல் வந்தன. ஐயப்பட்டவன் ஒருவன் இருந்தான், இலக்குவன். அவன் பேச்சு எடுபடவில்லை. விளைவு? நாடறிந்த கதை. குறுக்கே பாய்ந்த பறவைக்குக் குழிதான் மிச்சம்.

அந்தப் பொன்மானுக்கு அன்று ஒரு காடு தேவைப்பட்டது. இன்று உள்ளங்கை போதும்! கைப்பேசி என்ற சிறு கண்ணாடிக்குள் நாளொன்றுக்கு நூறு மான்கள் துள்ளுகின்றன. ஒருவர் பேசாததைப் பேசியதாகக் காட்டும் படம் வருகிறது. பெற்ற தாயே ஏமாறும்படி பிள்ளையின் குரலைப் போலி செய்யும் இயந்திரம் வந்துவிட்டது. நாம் கேட்கிறோம்: இத்தனை மான்களுக்கு நடுவே நம் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறோமே, ஐயப்படக் கற்றுக்கொடுத்தோமா?

இது வெறும் பேச்சுக்காகக் கேட்கும் கேள்வியன்று. இதற்கு இரத்தச் சாட்சி இருக்கிறது, தோழர்களே!

2018ஆம் ஆண்டு மே மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் திரிகிறார்கள் என்றொரு பொய் வாட்ஸ்அப் வழியே வடமாவட்டங்களில் பரவிற்று. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி, போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். கொடுத்த கைக்குக் கிடைத்த பரிசு என்ன? அடித்தே கொன்றார்கள்! கொன்றவர்கள் கொள்ளையர்கள் அல்லர். பிள்ளைகளைப் பெற்றவர்கள், உழைத்து உண்பவர்கள், தம் பிள்ளைகளைக் காப்பதாக எண்ணிக்கொண்டவர்கள். கைப்பேசி சொன்னதை நம்பினார்கள். கண்ணெதிரே நின்ற கிழவியை நம்பவில்லை.

2023 மார்ச்சில் மற்றொன்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், குத்துகிறார்கள் என்று, எங்கோ எப்போதோ எடுத்த காட்சிகளை ஒட்டிப் படம் காட்டினார்கள். காவல்துறை மறுத்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. பொய் என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் எத்தனை தொழிலாளர்கள் நடுங்கினார்கள்! எத்தனை பேர் மூட்டை கட்டினார்கள்! தொழிலாளியைத் தொழிலாளிக்குப் பகையாக்க, இப்போது தடியும் வேண்டாம், அடியாளும் வேண்டாம்; ஒரு நிமிடப் படம் போதும் என்று ஆயிற்று.

உடனே சிலர், “அந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கள்” என்பார்கள். இல்லை, தோழர்களே! இயந்திரம் நமக்குப் பகையன்று; அந்நியமுமன்று.

நம் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு, அதன் கதை தெரியுமா? 1804இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில், ஜக்கார்டு என்ற பட்டுத் தொழிலாளி மகன் ஆக்கிய பொறி அது. அட்டையில் துளை இருந்தால் இழை எழும்பும். துளை இல்லையேல் எழும்பாது. உண்டு, இல்லை என்ற இரண்டே சொற்களில் பூவும் கொடியும் நெய்யக் கற்றது அந்தப் பொறி. அந்தத் துளையட்டையைத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்குக் கடன் வாங்கினார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளையட்டை கொண்டே எண்ணினார். இன்றைய கணினியும் உண்டு, இல்லை என்ற அந்த இரண்டு சொற்களில்தான் ஓடுகிறது. ஆக, கணினிக்குத் தாத்தா யார்? தறி! காஞ்சி நெசவாளியின் பிள்ளை கணினியின் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உறவு சொல்லி உட்காரலாம்.

அதுமட்டுமா? திருப்புட்குழி வழியே போகும் அதே நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் சுங்குவார்சத்திரம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர். உலகச் சந்தைக்குக் கைப்பேசிகளைப் பூட்டி அனுப்பும் ஆலைகள் எழுந்த வட்டாரம் அது. நம் வீட்டுப் பெண்களின் விரல்கள் பூட்டிய கருவிதான் நியூயார்க்கிலும் பேசுகிறது. செய்யத் தெரிந்த கைக்கு, ஆளத் தெரிய வேண்டாமா?

கருவி கொடுப்பதில் தமிழ்நாடு பின்தங்கியது என்று எவரும் சொல்ல முடியாது. 2011இல் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018இல் புதிய பாடநூல்களில், கைப்பேசியைக் காட்டினால் பாடம் விரியும் குறியீடுகள் வந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020இல் கொள்ளைநோய் பள்ளிகளைப் பூட்டியபோது, தறிக்கூலியில் மிச்சம் பிடித்தும், கடன் வாங்கியும், தகப்பன்மார் கைப்பேசி வாங்கித் தந்தார்கள். பிள்ளை படிக்க வேண்டுமே என்ற ஒரே ஏக்கம்!

பிள்ளை படித்தானா? பிரதம் நிறுவனம் வெளியிட்ட 2024ஆம் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கையைப் பாருங்கள். நாட்டின் சிற்றூர்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்குக் கைப்பேசியை இயக்கத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களில், அந்த ஒரு வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 57; சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76. தொல்லை தருபவனைத் தடுக்கும் வழி தெரிந்தவர்களோ, சமூக ஊடகத்தில் உலவும் அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு 62 பேர்தாம். மற்ற 38 பேர்? கதவில்லாத வீட்டில் படுத்துறங்குகிறார்கள்!

இங்கேதான் நெஞ்சு வலிக்கிறது. ஏன் என்று சொல்கிறோம்.

காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு ஒரு வண்ணம். இரண்டையும் இணைக்கும் கோர்வை வேலைக்கு ஒருவர் போதாது. நெசவாளி ஒருபுறம், நாடா தள்ள மறுபுறம் ஒரு துணை. அந்தத் துணை நெடுங்காலம் ஒரு சிறுவன், அல்லது ஒரு சிறுமி. தகப்பன் வாங்கிய முன்பணத்துக்காகத் தறிக்குழி ஓரத்தில் இளமையைக் கரைத்த பிள்ளைகள் எத்தனை ஆயிரம்! 2003இல் கூட, மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற உலக அமைப்பு, காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. சட்டம் போட்டும், சோறு போட்டும், சண்டை போட்டும் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தோம்.

புட்குழி ஒன்று, தறிக்குழி இரண்டு, இப்போது திரைக்குழி என்று மூன்றாவது குழியா? ஒரு குழியிலிருந்து தூக்கிய பிள்ளையை இன்னொரு குழியில் நாமே தள்ளுவதா? தறிக்குழியிலாவது பிள்ளையின் கைகள்தாம் கட்டுண்டு கிடந்தன. திரைக்குழியில் கருத்தே கட்டுண்டு கிடக்கிறது. அன்று முன்பணம் கொடுத்தவன் தெருக்கோடியில் இருந்தான், முகம் தெரிந்தது. இன்று பிள்ளையின் பொழுதை விலைக்கு விற்பவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான், முகமே தெரிவதில்லை.

வழி என்ன? வழி நம் வீட்டிலேயே இருக்கிறது.

சரிகை வாங்கும் நெசவாளி என்ன செய்கிறார்? பளபளப்பைப் பார்த்தா பணம் எண்ணுகிறார்? சுரண்டிப் பார்க்கிறார். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா, அதன்மேல் வெள்ளி சுற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார். பட்டுதானா என்று ஐயம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்துகிறார். மயிர் கருகும் வாடை வந்தால்தான் பட்டு. சரிகைக்கு இருக்கும் சோதனை செய்திக்கு வேண்டாமா? அந்தச் சோதனையை வகுப்பறையில் சொல்லித்தரச் சொல்கிறோம்.

யார் சொன்னது? எங்கே, எப்போது எடுத்த படம்? வேறு யாரேனும் இதை உறுதி செய்கிறார்களா? இதை நான் நம்பினால் யாருக்கு ஆதாயம். அனுப்பினால் யாருக்கு அடி? இந்த நான்கு கேள்விகளும் வாய்ப்பாடு போல நாவில் பழக வேண்டும். வாரம் ஒரு பாடவேளை போதும். வீட்டுக்கு வந்த ஒரு செய்தியைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரட்டும், கரும்பலகையில் போடுங்கள், சுரண்டுங்கள், கொளுத்துங்கள், பட்டா, போலியா என்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.

செயற்கை அறிவு என்ற புதுப்பொறியிடம் வீட்டுப்பாடத்தை எழுதி வாங்கிவரும் பிள்ளையை அடிக்காதீர்கள். “திருப்புட்குழியைப் பற்றி அதையே கேள், விடையை எழுதிக்கொண்டு ஊருக்குள் போ, தறிக்காரரைக் கேள், பெரியவரைக் கேள், நூலகத்தில் பார், எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று வந்து சொல்” என்று அனுப்புங்கள். பொறி பேசுவதெல்லாம் வேதம் அல்ல என்று பிள்ளை அன்றே தெரிந்துகொள்வான்.

இன்னொன்றும் வேண்டும். ‘நேற்று எதற்காகக் கைப்பேசியை எடுத்தேன்? எதில் முடித்தேன்? கீழே வைத்தபோது மனம் எப்படி இருந்தது?’ - இந்த மூன்றையும் பிள்ளை தன் ஏட்டில் தானே எழுதிப் பார்க்கட்டும். ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டாம், திட்டவும் வேண்டாம். தன்னைத்தானே பார்க்கக் கற்றவனை எவன் ஏய்க்க முடியும்?

“இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்பவர்கள் மேற்கே மலையாள நாட்டைப் பார்க்கட்டும். 2018இல் கண்ணூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 150 அரசுப் பள்ளிகளில், பொய்ச் செய்தியை அடையாளம் காண வகுப்பு நடத்தினார்கள். பின்னர் அம்மாநிலமெங்கும் இலட்சக்கணக்கான மாணவர்களுக்கு அது விரிந்தது. பின்லாந்து நாட்டில் இதற்கென்று தனிப்பாடம் கூட இல்லை. கணக்கு வகுப்பில் புள்ளிவிவரம் எப்படி ஏய்க்கும் என்று காட்டுகிறார்கள். ஓவிய வகுப்பில் படம் எப்படித் திரிக்கப்படும் என்று காட்டுகிறார்கள். ஆஸ்திரேலியா வேறு வழி எடுத்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை விதித்தது. தடை வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. கைப்பேசிச் சூதாட்டத்தில் கூலியையும் உயிரையும் தொலைத்தவர்களைக் கண்டுதானே தமிழ்நாடு 2022இல் சட்டம் செய்தது. 2025இல் நாடாளுமன்றமும் சட்டம் செய்தது. வேலி தேவைதான். ஆனால் 16 வயது முடிந்த மறுநாள் வேலி விலகுமே, அன்று பிள்ளைக்குத் துணை எது? அறிவொன்றுதான்!

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். யாதவப்பிரகாசர் என்ற ஆசான் திருப்புட்குழியில்தான் பாடம் நடத்தினார் என்றும், அவரிடம் படித்த இராமானுசர், உபநிடத வாக்கியம் ஒன்றுக்கு ஆசான் சொன்ன பொருளை ஏற்காமல் வேறு பொருள் சொன்னார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. ஆசான் சினந்தார், மாணவன் வெளியேற நேர்ந்தது. இருவர் சமயமும் இங்கே நமக்குப் பேச்சல்ல. கேள்வி கேட்ட மாணவனை ஊர் ஆயிரமாண்டு நினைவில் வைத்திருக்கிறது, அதுதான் பேச்சு. ஆசிரியரையே கேள்வி கேட்க அஞ்சும் பிள்ளை, கைப்பேசியைக் கேள்வி கேட்குமா? ‘ஏன்’ என்ற சொல்லுக்குப் பிரம்பு காட்டும் வகுப்பறையில், ஆயிரம் கணினி இருந்தாலும் இருட்டுத்தான்.

அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கை, ஆட்சியில் எவர் இருந்தாலும், இதுதான்: பாடநூலில் ஓரிரு பக்கம் அச்சிட்டுக் கடமை முடிந்தது என்று இராதீர்கள். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஆசிரியர்க்குப் பயிற்சி கொடுங்கள். அதற்குமுன் அவர் தலையிலிருக்கும் பதிவேட்டுச் சுமையை இறக்குங்கள். பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். போளூர்ப் பக்கத்தில் ஏமாந்தவர்கள் பிள்ளைகள் அல்லர், பெரியவர்கள்!

கடைசியாக நமக்கு. ஆம், நமக்கேதான்! தேநீர்க் கடையில் ஒருவர் ஏட்டைப் படிக்க, பத்துப் பேர் கேட்டு, “யார் சொன்னது? எதற்குச் சொன்னான்?” என்று மேசையைத் தட்டி வாதாடி வளர்ந்தவர்கள் நாம். படிப்பகம்தான் நமக்குப் பல்கலைக்கழகம். அப்படிப்பட்ட நாம், எதிர்க்கட்சிக்காரரைப் பற்றி இனிக்கும்படி ஒரு பொய் வந்தால், படித்தும் பாராமல் நூறு பேருக்கு அனுப்புகிறோமா இல்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். பொய் நமக்குச் சாதகமாக வந்தாலும் பொய்தான். அப்பன் அனுப்பிய பொய்யைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எந்தப் பள்ளி மெய்யைக் கற்பிக்க முடியும்?

எனவே ஞாயிறுதோறும் படிப்பகங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். வாரத்தில் வந்த செய்திகளைக் கொட்டிச் சரிகை பார்ப்பது போலப் பாருங்கள். அன்றைக்கு ஐயப்பட்ட இலக்குவனின் சொல் எடுபடாமற் போயிற்று. நம் வீட்டில் ஐயப்படும் பிள்ளையின் சொல் எடுபடட்டும். பொன்மான் வந்துகொண்டேதான் இருக்கும். ‘சற்றுப் பொறு, பார்ப்போம்’ என்று சொல்ல ஒரு பிள்ளை வீட்டுக்கு வீடு இருந்தால், மூன்றாவது குழிக்கு நம் ஊரில் இடமில்லை!