பாரதி, உனக்கு ஏன் அந்தப் பெயர்?

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பரிடம் "சீரியலைப் பத்தி எழுதித் தரேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாட்டுல ஆயிரம் பிரச்சினை இருக்கு. பொம்பளைங்க பார்க்கிற சமாச்சாரம் உனக்கெதுக்குடா?" என்றார்.

பொம்பளைங்க பார்க்கிற சமாச்சாரம் என்பதால்தான் எழுதுகிறேன் நண்பரே! அதுவுமில்லாமல், 2020-ல் வயிற்றில் பிள்ளையோடு கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடையாய் நடந்தாளே, அந்தப் படத்தை வைத்துக் கேலி செய்து ஊர் முழுக்க ஃபார்வர்டு பண்ணியது யார்? நம்ம பசங்கதானே! அவள் ஏன் நடந்தாள் என்று ஒருத்தனாவது கேட்டானா?

விஜய் டி.வி.யில் 2019-ல் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா' பற்றித்தான் சொல்கிறேன். மலையாளத்தில் 'கறுத்தமுத்து', தெலுங்கில் 'கார்த்திக தீபம்' என்று வந்த அதே கதை. கறுத்த பெண் கண்ணம்மா, சித்தியிடம் வசவு வாங்கியே வளர்ந்தவள். பாரதி டாக்டர். பணக்கார வீட்டுப் பிள்ளை. நிறத்தைப் பார்க்காமல், குணத்தைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். பாரதியாக அருண் பிரசாத், கண்ணம்மாவாக ரோஷினி ஹரிப்ரியன்.

எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் கல்லுக்குப் பாலீஷ் போடுகிறவர். அம்மா மலையடிவாரத்தில் பூ கட்டி விற்கிறவர். டாக்டர் என்றால் எங்களுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிற மனிதர். அப்படிப்பட்ட ஒரு டாக்டர் தினம் ராத்திரி எங்கள் பத்துக்குப் பத்து அறையில் வந்து உட்கார்ந்தார். அவர் சம்சாரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அழகைப் பார்த்துவிட்டு, "படிச்சவன் படிச்சவன்தான்டா. நீயும் நாளைக்கு அந்தப் புள்ள மாதிரி இருக்கணும்" என்று அம்மா சொல்வார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா சொன்னது மனசில் ஒட்டிக்கொண்டது.

பிறகு என்ன ஆச்சு? வெண்பா என்கிற தோழி வந்தாள். அவள் பேச்சையும் ஒரு பொய் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் நம்பி, 'எனக்குக் குழந்தையே பிறக்காது, அப்போ இது யாரோட பிள்ளை?' என்ற இடத்துக்கு வந்து நின்றான் நம்ம டாக்டர். அன்றிலிருந்து அவன் வாயில் வந்த பேச்சையெல்லாம் இந்த மலரில் அச்சடிக்க முடியாது. கண்ணம்மா வெளியேறினாள். இரட்டைக் குழந்தை பிறந்தது. ஒன்று அவளிடம் லட்சுமியாக வளர்ந்தது. இன்னொன்றை மாமியார் சௌந்தர்யா எடுத்துவந்து ஹேமா என்று பேர் வைத்து அவனிடமே வளர்த்தார். தன் ரத்தம் என்று தெரியாமலேயே அவன் அந்தக் குழந்தையைக் கொஞ்சினான். பெற்ற தாயை அந்தக் குழந்தை 'சமையல் அம்மா' என்று கூப்பிட்டது.

ஒரு டி.என்.ஏ. டெஸ்ட்! கன்னத்தின் உள்ளே பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்து அனுப்பினால் போதும், சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் முடிவு தெரிந்துவிடும். எங்க ஆயாவுக்கே சீரியல் பார்த்துப் பார்த்து இது தெரிந்துவிட்டது. டாக்டருக்குத் தெரியவில்லை! எங்க ஊர்ச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் சங்கு பிறக்கும் என்பார்கள். "அதுகூட வந்துரும் போலக்கீது, இந்த ரிசல்ட்டு வராது" என்று ஆயா அலுத்துக்கொண்டார். ரிசல்ட் 2022-ல்தான் வந்தது. அதற்குள் கண்ணம்மாவாக நடித்தவரே விலகி, வேறொருவர் வந்துவிட்டார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் சிரிக்காத ஒருத்தர் இருந்தார். எங்க தெரு அக்கா. புருஷன் சந்தேகப்பட்டு அனுப்பிவிட்டதால் தாய் வீட்டோடு வந்துவிட்டவர். அவர்கள் வீட்டில் டி.வி. இல்லை, எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். முதல் வருஷம் முழுக்கக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பாரதியைப் பார்ப்பார். அவன் மாறியபிறகும் கொஞ்ச நாள் வந்தார். அவன் கத்த ஆரம்பித்தால் "அடுப்புல ஒலை வெச்சுட்டு வந்தேன் அத்தே" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டார். அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன்டா, படிச்சவங்களும் இப்படித்தான் பேசுவாங்களா?" நான் என்ன பதில் சொல்வது?

"சீரியல்தானே, நல்லவன் கெட்டவனாவது கதையில் சகஜம்" என்பீர்கள். சகஜம்தான். ஆனால் எப்படி ஆகிறான்? மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லேபில் மைல்டு ஸ்டீல் கம்பியை மெஷினில் மாட்டி இழுக்கிறோம். முதலில் நீளும். அப்புறம் ஓரிடத்தில் கழுத்து மாதிரி மெலியும். 'முறியப் போகுது' என்று நமக்கே தெரியும். அதன் பிறகுதான் டப்பென்று போகும். காஸ்ட் அயர்ன் அப்படியில்லை, சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பாரதியை ஒரு வருஷம் மைல்டு ஸ்டீல் என்று காட்டிவிட்டு, ஒரே வாரத்தில் காஸ்ட் அயர்ன் மாதிரி முறித்தார்கள். எந்த இடத்தில் மெலிந்தான் என்று காட்டவேயில்லை.

அதே கதையில் சௌந்தர்யாவைப் பாருங்கள். தொடக்கத்தில் கறுப்பு என்றாலே முகம் சுளித்த பணக்கார அம்மா. அவர் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில் பெற்ற பிள்ளையையே எதிர்த்து மருமகள் பக்கம் நின்றார். நம்பினோமா இல்லையா? ஒரு மனுஷி நல்லவளாவதைப் படிப்படியாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒருத்தன் கெட்டவனாவதை மட்டும் ஏன் காட்டத் தெரியவில்லை? தினமும் ஒரு எபிசோடு ஓட்டியாக வேண்டும். சந்தேகம் தீர்ந்தால் கதை தீர்ந்துவிடும். அதனால் அவன் தலையில் மூளையை வைக்காமல் விட்டார்கள். என் கணிப்பு இதுதான்.

இது நம்ம ஊர்த் தாய்மார்களின் வருத்தம் மட்டுமல்ல. அதே 2019 மே மாதம் அமெரிக்கத் தொடரான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முடிந்தது. அடிமைகளை விடுவித்த டனேரிஸ் என்ற ராணி, சரணடைந்து மணியடித்துவிட்ட நகரத்தையே டிராகனால் எரித்துவிடுகிறாள். அவள் மீதிருந்த ஆசையில் பெண் குழந்தைக்கு அவள் பட்டப்பெயரான கலீசி என்று பேர் வைத்தவர்கள் இருக்கிறார்கள்! கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பத்து லட்சம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு சீசன் பார்த்தவனுக்கும் எங்க ஆயாவுக்கும் ஒரே ஆத்திரம்!

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். துகிலுரிதல் கூத்தன்று தர்மர் என்ன செய்கிறார்? நாட்டை வைத்து ஆடுகிறார், தம்பிகளை வைக்கிறார், தன்னையே வைக்கிறார், கடைசியில் பாஞ்சாலியை வைக்கிறார். இதைவிட ஒரு நல்லவன் இறங்க முடியுமா? ஆனால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற கிழவிகள் யாரும் 'கதை சரியில்லை' என்று எழுந்து போவதில்லை. ஒவ்வொரு படியாக அவர் இறங்குவது கண்ணெதிரே தெரிகிறது. பீமன் அண்ணன் என்றும் பாராமல் சீறுகிறான். பாஞ்சாலி சபை நடுவே நியாயம் கேட்கிறாள். தர்மர் தலைகுனிந்து நிற்கிறார். தப்புக்குத் தப்பு என்று அங்கே பெயர் உண்டு.

இந்தக் கதையைத்தான் மகாகவி பாரதி 'பாஞ்சாலி சபதம்' என்று எழுதினார். அதன் முதல் பாகம் 1912-ல் வெளிவந்தது. கட்டிய மனைவியைப் பொருளாக்கிப் பணயம் வைத்ததை எண்ணிக் கொதித்த கவிஞர் அவர். அவருடைய பேரையும், அவர் பாடிய கண்ணம்மாவின் பேரையும் எடுத்துத் தலைப்பாக வைத்துக்கொண்டு, மனைவியை வருஷக்கணக்காகச் சந்தேகப்படும் ஒருத்தனை நாயகன் என்கிறார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான்.

வில்லன் என்று நேராகவே சொல்லியிருந்தால் நமக்கு வருத்தமில்லை. 2022-ல் சன் டி.வி.யில் வந்த 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன் முதல் நாளிலிருந்தே அடாவடி மனுஷன்தான். படித்த மருமகள்களை அடுப்படியில் பூட்டியவன்தான். அவனைத் திட்டிக்கொண்டே ரசித்தோம். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று இறந்தபோது எங்கள் தெருவில் சொந்தக்காரர் போனதுபோல் பேசிக்கொண்டார்கள். குணசேகரன் நம்மை ஏமாற்றவில்லை. பாரதி ஏமாற்றினான். அவன் கத்தும்போதுகூடப் பின்னால் சோக வயலின் வாசித்து, 'பாவம், அவனும் ஏமாந்தவன்தானே' என்று நம்மை இரக்கப்படச் சொன்னார்கள். ஏமாந்தவன் ஒரு நாள் கத்தலாம், ஒரு வாரம் கத்தலாம். எட்டு வருஷமா?

ரிசல்ட் வந்ததும் அவன் மன்னிப்புக் கேட்டான், அலைந்தான், கடைசியில் சேர்த்தும் வைத்தார்கள். 2023 பிப்ரவரியில் முதல் பாகம் முடிந்து, கையோடு வேறு நாயகனை வைத்து இரண்டாம் பாகமும் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் பார்க்கவில்லை. "ரிசல்ட்டு பார்த்துதான் நம்புவேன்னா அந்த நம்பிக்கை எதுக்கு? அந்தப் பொண்ணு இன்னாத்துக்குத் திரும்பிப் போவணும்? சமையல் செஞ்சு ரெண்டு காசு பார்த்துகினு நல்லாத்தானே இருந்தா?" என்று அம்மா கேட்டார். பக்கத்து வீட்டு அத்தை "கொழந்தைங்களுக்கு அப்பா வேணாமா?" என்று எதிர்க்கேள்வி போட்டார். அந்தச் சண்டை எங்கள் தெருக் குழாயடியில் இன்னும் தீரவில்லை. நான் அம்மா கட்சி.

அத்தை கட்சிக்காரர்கள் நம் கல்லூரியிலும் இருப்பார்கள், குறிப்பாக எலக்ட்ரிகல் பிரிவில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். வாதாட விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் மெட்டீரியல் லேப் வாசலுக்கு வரலாம். டீ செலவு அவர்களுடையது.

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், திருக்கழுக்குன்றம்)