ஜின்செங்கும் இரத்தக் கொதிப்பும்

மலேசியாவில், பாடாங் மேஹா முதலிய கெடாத் தோட்டங்களிலும், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பட்டணங்களிலும், ஜின்செங் வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும், நாளங்களில் படிந்த கொழுப்பைக் கரைத்து அடைப்பை நீக்கும் என்றொரு விசுவாசம், சீன மருந்துக் கடையிலும் இரவுச் சந்தையிலும் பிறந்து, ஆயுள் முழுதும் ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த முதியோரின் வீடுகளுக்குள் குடிபுகுந்துவிட்டது. இது பிராணனுக்கே ஆபத்தை விளைவிக்கும் பிரமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவ்வேரில் குணமே இல்லையென்று வாதிப்பது நியாயமாகாது. அதிலுள்ள ஜின்செனோசைடு என்னும் சத்துக்கள், நாளத்தின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்து அதை இளகவைப்பதை ஆய்வுக்கூடங்கள் கண்டிருக்கின்றன. ஆயினும், கொதிப்புள்ளவர்களுக்குத் தினம் 3 கிராம் வீதம் 12 வாரம் அமெரிக்க ஜின்செங்கைக் கொடுத்து, இராப்பகலாக அழுத்தத்தை அளந்து, டொராண்டோ ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவின்படி, வேர் உண்டவருக்கும் வெறும் போலி மருந்து உண்டவருக்கும் யாதொரு பேதமும் இல்லை. நீரிழிவும் கொதிப்பும் சேர்ந்திருந்தவர்களிடம் நடந்து 2013இல் வெளிவந்த வேறோர் ஆய்வில் மேலழுத்தம் கணிசமாக இறங்கியது, நாளத்தின் விறைப்பும் ஓரளவு தணிந்தது என்பது மெய்யே; ஆனால் அவர்கள் வைத்தியர் கொடுத்த மருந்துகளோடு கூட வேரையும் உண்டவர்களேயன்றி, அவற்றுக்குப் பதிலாக உண்டவர்களல்லர். அடைப்புக் கரைந்ததென்று இவ்விரு ஆய்வுகளில் எதுவும் கூறவில்லை.

நம்மவர் வாங்கிக் குடிப்பதோ பெரும்பாலும் அந்த அளவுள்ள வேர்கூட அன்று; சர்க்கரையும் பால்மாவும் மிகுந்து, வேறு குடும்பத்துச் செடியாகிய தொங்காட் அலியும் கலந்த காப்பித்தூள். உறையிலுள்ள பதிவெண்ணைக் காட்டி, அரசாங்கமே ஒப்புக்கொண்டதென்பர். பாரம்பரிய மருந்துக்கு அளிக்கப்படும் அவ்வெண், பொருளின் பாதுகாப்பையும் தரத்தையும் பற்றியதேயொழிய, கொதிப்பைக் குணமாக்குமென்பதற்கு அத்தாட்சியன்று. கொதிப்புக்கு மருந்தென்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது; ஆகையால்தான் உறை சொல்லத் துணியாததை விற்பவரின் வாய் சொல்கிறது.

இந்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்குக் கொதிப்புண்டு என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டுகிறது. வலியோ காய்ச்சலோ இன்றி வருஷக்கணக்கில் உடலுக்குள் இருந்து, ஒரு நாள் பாரிசவாயுவாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும் வியாதி இது. ஒரு வெள்ளிக் கட்டணத்தில் அரசாங்க கிளினிக் தரும் மாத்திரையை, காப்பி குடித்ததும் உடம்பு தெளிந்ததாகத் தோன்றிய ஒரே காரணத்தால் நிறுத்திவிட்டு, அதைப்போல் பன்மடங்கு பணத்தை வேருக்குச் செலவிடுகிற குடும்பத்தாரை எண்ணும்போது என் நெஞ்சு பதைக்கிறது. கிளினிக்கில் அழுத்தம் ஏன் ஏறியதென்று வினவுங்கால், வேர் உண்பதைச் சொல்லாமல் மறைப்பது அதனினும் கொடிது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவருக்கு, அமெரிக்க ஜின்செங் அம்மருந்தின் பலத்தைக் குறைத்துவிடுமென்று 2004இலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது. நோயாளி வேர் உண்பதை அறியாத வைத்தியர் எந்த அளவை நம்பி மருந்து எழுதுவார்?